வேப்பிலை கட்டிய விடுமுறை

1938ஆம் ஆண்டு நத்தார் என்னும் கிறிஸ்மசுக்கு முதல் நாள் காலையில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் பதினோராம் இலக்க வீட்டுக் கேற்றில் வேப்பிலைக் கொத்து ஒன்று தொங்கியது. ஏழு மணிக்கெல்லாம் ஒழுங்கை முழுவதற்கும் சங்கதி எட்டிவிட்டது. சுந்தரத்தார் வீட்டில் அம்மாள் வந்திருக்கிறா. பால்காரர் மணியடிக்காமல் பாலைத் தூணின் மேல் வைத்துவிட்டுப் போனார். பாண்காரன் எதிர்க்கரையில் சைக்கிளை நிறுத்தி, "அம்மாவருங்கே லெடேத மாத்தயா?" என்று சிங்களத்தில், அம்மாள் நோயோ என்று கேட்டான். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தலை மெல்ல ஆடுவதைக் கண்டதும், பாண் ரொட்டியை எட்டி நின்று வைத்துவிட்டு ஏறி மிதித்தான். வேப்பிலைக்கு இந்த ஊரில் மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

உள்ளே சுந்தரத்தார் கல்லுக் குற்றி மாதிரி இருந்தார். காய்ச்சல் இல்லை, உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. கேற்றில் கொத்தைக் கட்டியவரும் அவரேதான்.

நல்ல மனிதர், சைவ உணவுக்காரர், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு அப்படி என்ன வந்தது என்று கேட்டால், லத்தீன் வந்தது.

சிவபாதசுந்தரம் என்ற முழுப் பெயரைக் கந்தோர் ஹாஜர்ப் புத்தகம் ஒன்றுதான் சொல்லும். கோட்டையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பதினெட்டு வருசமாகக் கிளாக்கர். அவருடைய நாற்காலிக்குப் பிரம்பு மூன்று தரம் மாற்றியாயிற்று. ஆளை மேலே மாற்ற எவருக்கும் மனம் வரவில்லை. லண்டன் மற்றிக்குலேசன் பாஸ் பண்ணிய பொடியன்கள் நேற்று வந்து இன்று மேசை மாறிப் போனார்கள். முப்பத்தொன்பதாவது வயதில் சுந்தரத்தாருக்கும் ரோசம் பிறந்து, கொட்டாஞ்சேனையில் பேர்னாட் மாஸ்டர் தம் வீட்டு விறாந்தையில் நடத்தும் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருபது பேரும் வாத்தியார் என்று எழுந்து நின்றார்கள். கடைசி வாங்கில் போய் அவர் உட்கார்ந்த பிறகும் இரண்டொருவர் சந்தேகத்தோடு நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கணிதமும் ஆங்கிலமும் எப்படியோ ஓடின. லத்தீன் ஓடவில்லை. தவணைச் சோதனையில் இரண்டு முறை தவறினார். பேர்னாட் மாஸ்டரிடம் ஒரு சட்டம் உண்டு: மூன்றாம் முறையும் தவறினால் லண்டன் சோதனை விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து விழாது, ஆள் வீட்டுக்குப் போகலாம். மார்கழி முற்பகுதியில் நடக்கவேண்டிய மூன்றாம் சோதனை, மாஸ்டருக்கு இருமல் பிடித்ததால் ஜனவரியாகிய தை இரண்டாந் திகதி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. அதாவது நத்தார், புதுவருசம் எல்லாவற்றையும் லத்தீனோடு கொண்டாடவேண்டும்.

இதற்காகத்தான் அவர் மனைவி அருந்ததி, பள்ளிக்கூடம் விட்ட மறுநாளே மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனாள். "வீடு சத்தமில்லாமல் கிடக்கும். இருந்து ஆறுதலாப் படியுங்கோ" என்று சொல்லி, பருப்புப்பொடியும் ஊறுகாயும் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். சுந்தரத்தாரும் கந்தோரில் பத்து நாள் லீவு எடுத்தார்.

லீவு தொடங்க இரண்டு நாள் இருக்கையில் கடுதாசி வந்தது. அருந்ததியின் மூத்த அண்ணன் பூபாலசிங்கம் எழுதியிருந்தார்.

"மச்சான், நாங்கள் ஏழு பேர் சனிக்கிழமை காலை மெயிலில் வந்து இறங்குகிறோம். தங்கச்சியும் இல்லாமல் உமக்குத் தனிமையாக இருக்கும். பிள்ளைகளுக்கு மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, துறைமுகம் எல்லாம் காட்டவேணும். புதுவருசம் கழித்துத்தான் திரும்புவோம்."

கொழும்பில் வீடு எடுத்த யாழ்ப்பாணத்தான் தனக்கு மட்டும் வீடு எடுக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவும் பெண் கொடுத்த வீட்டுக்காரரிடம் "வராதையும்" என்று எழுத எந்தப் பேனையிலும் மை இல்லை. சுந்தரத்தார் கடுதாசியை மூன்று முறை படித்தார். லத்தீனை அத்தனை தரம் படித்திருந்தால் இந்த நிலை வந்திராது.

யோசனை மதிலுக்கு மேலாக வந்தது. பக்கத்து வீட்டில் இப்றாஹிம் ஹாஜியாரின் மகன் புவாத் குடியிருந்தார், புறக்கோட்டையில் புடைவைக் கடை. அவர் வளவு வேப்பமரம் ஒரு கிளையைச் சுந்தரத்தாரின் முற்றத்துக்குள் நீட்டியிருந்தது. ஐப்பசியில் ஒழுங்கையின் கடைசி வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மாள் வந்தபோது, அந்தக் கேற்றை இரண்டு கிழமைக்கு ஒரு காக்கையும் தாண்டவில்லை. சுந்தரத்தார் கண்ணால் கண்டவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமியறைக் கதவை இறுக்கச் சாத்தினார், அம்மாளுக்குக் கதவுக்கு வெளியே தெரியாது என்பதுபோல. செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போனார். பொய்க்குப் பிடுங்கினாலும் வேப்பிலை வேப்பிலைதானே என்று மரியாதை வைத்தாராக்கும்.

சனிக்கிழமை காலை, வெள்ளவத்தை ஸ்டேசனில் இறங்கிப் பெட்டியும் மூட்டையுமாக ஏழு பேரும் ஒழுங்கைக்குள் வந்தார்கள். முன்னால் வந்த பூபாலசிங்கம் கேற்றில் கை வைக்கப் போனவர், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"மச்சான், உதென்ன வேப்பிலை?"

ஜன்னல் அரைவாசி திறந்தது. கழுத்துவரை போர்வை சுற்றிய ஓர் உருவம் தெரிந்தது.

"கிட்ட வரவேண்டாம் மச்சான். முந்தநாள் போட்டது."

"ஆருக்கு, உமக்கோ?"

"ஓம்."

"கனக்கவோ?"

"முதுகிலைதான் கனக்க."

"கண்ணிலை?"

"கண்ணிலை இல்லை."

பூபாலசிங்கத்தின் மனைவி பத்மாவதி மூட்டையை இறக்கி வைத்தாள். "தனிய என்னண்டு அண்ணை சமாளிக்கப் போறியள்? நான் நிண்டு பாக்கிறன். எனக்குச் சின்னனிலையே வந்து போட்டுது, பயமில்லை. இவை பிள்ளையளைக் கொண்டு திரும்பட்டும்."

இதைச் சுந்தரத்தார் எதிர்பார்க்கவில்லை. போர்வைக்குள் வேர்த்தது.

"வேண்டாம் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் பாக்கினம். நீர் பிள்ளையளோடை போம்."

"கஞ்சி ஆர் காய்ச்சுறது?"

"அவைதான். எல்லாம் அவைதான்."

கடைசிப் பெடியன், "யானை பாக்கிறதெண்டு சொன்னியள்" என்று சிணுங்கினான். "குடும்பத்திலை அம்மாள் நிக்கேக்கை உனக்கு யானை கேக்குதோ?" என்று பூபாலசிங்கம் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். அந்தக் குட்டு தன்னுடையது என்று சுந்தரத்தாருக்குத் தெரிந்தது. திரும்பிப் போகையில் பத்மாவதி ஒரு தகரப் பேணியைக் காட்டினாள். "அருந்ததி மச்சாள் உங்களுக்கெண்டு பயத்தம் பணியாரம் சுட்டுத் தந்துவிட்டவ. படிக்கேக்கை கொறிப்பியளாம். எண்ணெய்ப் பலகாரம் இப்ப உங்களுக்குக் கூடாது, நான் கொண்டு போறன்." பணியாரம் ஒழுங்கையில் ஏறிப் போவதை அவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரப் பொடியனின் அறையில் ஏழு பேரும் இரண்டு நாள் ஒதுங்கி இருந்துவிட்டு, ஒன்றையும் பார்க்காமல் ஞாயிறு இரவு மெயிலில் ஊருக்கு ஏறினார்கள் என்று பிறகு கேள்வி.

சும்மா சொல்லக்கூடாது, படிப்பு நன்றாகத்தான் ஓடியது. ஆளரவம் இல்லை. பின் விறாந்தையில் நடந்து நடந்து, "மென்சா, மென்சா, மென்சாம்" என்று உரத்துப் பாடமாக்கினார். மேசை என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வேசம் போடும் ரோமாபுரிக்காரரை மனதுக்குள் திட்டினார். ஆனால் வேப்பிலை தெருக்காரரைத்தான் நிறுத்தியது; அன்பை நிறுத்தவில்லை. புவாத்தின் மனைவி ஜவாஹிறா தினம் காலையில் மதில்மேல் ஒரு செவ்விளநீரை வெட்டி வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

"அண்ணன், இளநீ வெச்சீக்கேன். புள்ளேட கையில அனுப்பப் பயமா ஈக்கிது, அதான் இப்பிடி. குடிச்சிட்டுப் படுத்துக்கோங்க."

படுக்காமல் லத்தீன் படித்ததை அவள் கேட்டாள். மறுநாளே ஒழுங்கையில் இன்னொரு செய்தி பரவியது: சுந்தரத்தாருக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது, விளங்காத பாசையில் ஏதோ சொல்லிச் சொல்லி நடக்கிறார், அம்மாள்தான் அவர் வாயில் நின்று பேசுகிறா.

அதைக்கூட அவர் சிரித்துவிட்டு விட்டிருப்பார். மூன்றாம் நாள் மதியம் மதிலுக்கு அப்பால் கேட்ட பேச்சைத்தான் அவரால் விடமுடியவில்லை.

"என்ன புள்ள, இண்டைக்கும் அவிச்ச மீனா?" இது புவாத்.

"பக்கத்துல அம்மா வந்தீக்கிறாவாம். பொரிக்கிற வாசம் அவவுக்கு ஆகாதாம்."

"அவங்கட அம்மா அவங்கட வீட்டுலதானே."

"நடுவுல மதில் ஒண்டுதானே. அந்த மனிசன் தனியக் கெடந்து பொலம்புறாரு. நாலு நாளைக்குப் பொரிச்ச மீன் திங்காட்டி நீங்க ஒண்டும் கொறஞ்சி போமாட்டீங்க."

சுந்தரத்தார் புத்தகத்தை மூடினார். எழுந்து கேற்றுவரை போனார். வேப்பிலையை அவிழ்த்துவிட்டு, எல்லாம் பொய் என்று மதிலடியில் நின்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் தை இரண்டாந் திகதி தோன்றியது. திரும்பி வந்து நாலாம் வேற்றுமையில் உட்கார்ந்தார். அன்று ஒரு வரியும் ஏறவில்லை.

ஊருக்குச் செய்தி போகும் என்பதை எப்படி மறந்தார் என்று கேட்காதீர்கள். சோதனை நெருங்கிய மனிதனுக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது புத்தகம் மட்டும்தான். புதன்கிழமை காலை கேற் திறந்த சத்தம் கேட்டுக் கட்டிலில் பாய்ந்து போர்வையை இழுத்துக்கொண்டார். உள்ளே வந்தது அருந்ததி. பிள்ளைகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டு, இரவு முழுவதும் மூன்றாம் வகுப்புப் பலகையில் இருந்து வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. முற்றத்தில் கால் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் அறைக்குள் வந்தாள்.

"ஏன் எனக்கு ஒரு தந்தியாவது அடிக்கேல்லை?"

"உம்மைப் பயப்பிடுத்தக் கூடாதெண்டுதான்."

"அண்ணன் வந்து சொல்லித்தான் நான் அறியவேணுமோ? ரெயிலுக்கை இருந்தே நேர்த்தி வைச்சிட்டன். உங்களுக்குத் தண்ணி வாத்து முழுகவைக்கிற வரைக்கும் உப்பு வாயிலை வைக்கமாட்டன் எண்டு. வேறை என்னத்தை எடுத்தாலும் அந்தாளின்ர கண்ணை எடுத்துப்போடாதை தாயே, சோதனை எழுதவேணும் எண்டு கேட்டனான். எங்கை, முதுகைக் காட்டுங்கோ."

அவர் திரும்பிப் படுத்தார். சட்டையைத் தூக்கி அவள் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். இப்போது கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். அவள் கேட்கவில்லை. சட்டையை இழுத்துவிட்டு, பின்பக்கம் போய், மதிலருகே நின்று குரல் கொடுத்தாள்.

"ஜவாஹிறா, ஒரு தழும்பும் இல்லைப் பிள்ளை. அம்மாள் வந்த அடையாளமே வைக்காமல் போட்டா."

"அல்லாட காவல்," என்றாள் ஜவாஹிறா.

அதோடு சுந்தரத்தாரின் நிம்மதிக்கும் கடைசி ஆணி விழுந்தது. வேப்பிலை தொங்கினால் வராதவர்கள், அதிசயம் என்றால் வருவார்கள் அல்லவா? தழும்பில்லாத முதுகைப் பார்க்க ஒழுங்கையே வந்தது. எதிர்வீட்டு இராமலெட்சுமி வாசலில் நின்றே கும்பிட்டு, "சாமி, நம்ம புள்ளைக்கும் ஒரு வார்த்தை வேண்டிக்குங்க" என்றாள். கந்தோர் நண்பர்கள் இருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கொப்பளிப்பான் வந்து செத்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். ஏழு பேருக்குப் பயந்து கேற்றை மூடியவரை எழுபது பேர் வந்து பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய இடி, அருந்ததி முதல் வேலையாக லத்தீன் புத்தகத்தை எடுத்து அலுமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள்.

"வருத்தக்காரன் படிக்கிறதோ? கண்ணுக்குக் கூடாது."

"திங்கட்கிழமை சோதனையல்லோ."

"திங்கட்கிழமை பகல்தான் தண்ணி வாக்கிறது, நாள் பாத்திட்டன். தண்ணி வாக்காமல் ஆள் வாசல்படி தாண்டுறேல்லை. சோதனை பிறகும் வரும்."

பிறகு வராது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், பேர்னாட் மாஸ்டரின் சட்டத்தை அவர்தான் நூறு தரம் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் சோதனைக்குப் போகலாம். அந்த வார்த்தையைத்தான் அவர் சொல்லவில்லை. வியாழன் போனது, வெள்ளி போனது. சாப்பாட்டு நேரம்தான் பெரிய நரகம். அவருக்குப் பத்தியச் சோறு போட்டுவிட்டு, அவள் எதிரே இருந்து உப்பில்லாத கஞ்சியைக் குடிப்பாள். முகம் சுளிக்கமாட்டாள். ஒருநாள் சுந்தரத்தார் தன் சோற்றிலும் உப்புப் போடவேண்டாம் என்றார். "வருத்தக்காரனுக்கு உப்பு வேணும்" என்று சொல்லி அவள் போட்டுத்தான் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, புதுவருசப் பகல். பார்க்க வந்த கடைசிக் கூட்டமும் போய்விட்டது. கடற்கரையோரம் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அருந்ததி நிலத்தில் இருந்து மறுநாளைக்கு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். சுந்தரத்தார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இஞ்சரும், உமக்கு ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ."

"எனக்கு அம்மாள் வரேல்லை."

உலக்கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"வந்த அண்டைக்கே தெரியும். மூண்டு பிள்ளையளுக்கு அம்மாள் பாத்தனான், பொருக்கு விழுந்த உடம்பு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாதோ? உங்கட முதுகிலை இருந்தது ரண்டு நுளம்புக்கடி."

"பிறகேன் அதிசயம் எண்டு ஊர் கூட்டினனீர்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? அந்தப் பிள்ளை ஜவாஹிறா உங்களுக்காக மீன் பொரிக்கிற தாச்சியை அடுப்பிலை வைக்காமல் இருந்தவ, நான் வந்தவுடனை கேற்றடியிலை சொன்னவ. அவவிட்டைப் போய், என்ர மனிசன் பொய்க்குப் படுத்தவர் எண்டு சொல்லச் சொல்லுறியளோ? அண்ணன் ஏழு பேரோடை வாசலிலை நிண்டு திரும்பினவர். அவருக்கு எந்த முகத்தோடை சொல்லுறது?"

"புத்தகத்தையும் தெரிஞ்சுதான் எடுத்தனீரோ?"

"தெரிஞ்சுதான். எத்தினை நாள் வாய் திறக்காமல் இருக்கிறியள் எண்டு பாத்தனான். நாலு நாள்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப அந்த உப்பு? வருத்தமே இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் ஏன்?"

"நேர்த்தி உங்களுக்கு வைச்சதோ? அம்மாளுக்கு வைச்சது. கண்ணைக் காப்பாத்து எண்டு கேட்டனான், கண் நல்லாத்தானே இருக்கு. நான் என்ர பங்கைச் செய்யத்தானே வேணும்." உலக்கையைச் சுவரோடு சாத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அண்ணனுக்கு நீங்கள் ஓமெண்டிட்டியள் எண்டு நினைச்சுத்தான் பணியாரம் சுட்டு அனுப்பினனான். ஒரு கடுதாசி எனக்குப் போட்டிருந்தால் போதும். உம்மட அண்ணனை இப்ப வரவேண்டாமெண்டு சொல்லும் எண்டு ஒரு வரி. நான் சொல்லியிருப்பன். அவரும் ஓமெண்டிருப்பார். அவர் என்ன பேயே?"

பத்து நாளில் இந்த யோசனை அவருக்கு ஒருமுறைகூட வரவில்லை. நாற்பது வயதை நெருங்கும் மனிதன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், அம்மாளைக் கூப்பிட்டு வாசலில் காவல் வைத்தாரே தவிர, மனைவிக்கு ஒரு வரி எழுத நினைக்கவில்லை. அவர் கண் கலங்கியதை அவள் கண்டாள். கண்டதாகக் காட்டவில்லை.

"நாளைக்கு எத்தினை மணிக்குச் சோதனை?"

"ஒன்பது."

"அப்ப பகலுக்கு வைச்சுக்கொண்டிருக்க ஏலாது. விடியத் தண்ணி வாக்கிறன். வாக்காமல் வெளிக்கிட்டியள் எண்டால் இந்த ஒழுங்கை சும்மா விடாது." முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரி உச்சியிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள். "இருட்டுமுன்னம் படியுங்கோ."

மறுநாள் விடிய, கிணற்றடியில், வேப்பிலையும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். மூன்று செம்பு போதும். அவள் எண்ணாமல் ஊற்றினாள். விடியற் குளிரில் பல் கிடுகிடுக்கக் குந்தியிருந்தார் சுந்தரத்தார். மதிலுக்கு மேலே ஜவாஹிறாவின் முக்காடு தெரிந்தது. ஏதோ ஓதி அவர் பக்கம் ஊதினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து மீன் பொரியும் சத்தம் கேட்டது. புவாத்துக்குத்தான் அன்று பெருநாள்.

ஈரம் காயாத தலையோடு கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தவரை பேர்னாட் மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. "இந்த மனிதரைப் பாருங்கோ" என்றார் பொடியன்களிடம். "அம்மை வந்து கிடந்து, இண்டைக்கு முழுகிப்போட்டு நேரே இஞ்சை வந்திருக்கிறார். நீங்கள் தலையிடி எண்டு சொல்லி வகுப்புக்கு வாறேல்லை." இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரத்தார் வினாத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பாஸ் பண்ண நாற்பது வேண்டும். அவருக்கு நாற்பத்திரண்டு கிடைத்தது. மாஸ்டர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கையையும் குலுக்கினார். லண்டன் சோதனை ஆனி ஐந்தாந் திகதி.

மனிதர் அந்த நாற்பத்திரண்டைக் கொண்டாடவில்லை. ஒழுங்கை அவரை மறக்க விட்டால்தானே. "அம்மாள் தழும்பு வைக்காத ஆள்" என்று புதிதாக வந்தவர்களுக்கும் காட்டினார்கள். ஜவாஹிறாவைக் கண்டால் சுந்தரத்தார் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு போனார். அவளோ ஒவ்வொரு முறையும், "அண்ணன் இப்ப சொகமா?" என்று கேட்டாள்.

மே மாதமாகிய வைகாசி பிறந்தது. தமக்கைக்குப் பிள்ளைப்பேறு என்று அருந்ததி பிள்ளைகளோடு மறுபடி ஊருக்குப் போனாள். இந்த முறை போகுமுன் அண்ணனுக்கும் மற்றச் சொந்தங்களுக்கும் தானே கடுதாசி எழுதி, ஆனி நடுப்பகுதிவரை வெள்ளவத்தைப் பக்கம் ஒருவரும் தலை காட்டக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுத்தான் போனாள். எல்லோரும் சரி என்று பதில் எழுதினார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது.

இருபத்தோராந் திகதி, ஞாயிற்றுக்கிழமை பகல். சுந்தரத்தார் புத்தகத்தோடு இருக்கையில் ஜவாஹிறா கேற்றடியில் வந்து நின்றாள். கையில் பிறந்து இருபது நாளும் ஆகாத குழந்தை.

"அண்ணன், ஒரு ஒதவி. மூத்தவ ஷபீகாவுக்கு அம்மை போட்டீக்கிது. அவர் சரக்கெடுக்கக் கண்டிக்குப் போனவரு. நான் அந்த அறைக்குள்ள போனா இந்தப் பச்சப்புள்ளைக்கும் ஒட்டும் எண்டு டொக்டர் சொல்றாரு. என்ட ராத்தா பைறோஸா பொரளையில ஈந்து பின்னேரம் வந்துருவா. அது வரைக்கும் அவள்ட பக்கத்துல கொஞ்சம் ஈப்பீங்களா? ஒருக்கா வந்தவங்களுக்குத் திரும்ப வராதாமே. ஒழுங்கைல எனக்குத் தெரிஞ்சு நீங்கதான் ஈக்கிறீங்க."

சுந்தரத்தாருக்குப் பிறந்த நாளிலிருந்து அம்மாள் வந்ததில்லை. தாயார் எத்தனையோ தரம் அதைப் பெருமையாகச் சொன்னதுண்டு. ஒட்டினால் பதினாலு நாளில் போடும் என்பதும் தெரியும். கிளாக்கர் மூளை தானாகவே விரல் மடித்தது. இருபத்தொன்றும் பதினாலும், வைகாசிக்கு முப்பத்தொன்று, ஆனி நாலு. மறுநாள் சோதனை.

சோதனை இருக்கிறது என்று சொல்லலாம், அது பொய்யில்லை. எனக்கு வரவேயில்லை என்று சொல்லலாம், அது அதைவிடப் பொய்யில்லை. வீட்டில் அருந்ததி இல்லை. என்ன சொன்னாலும் பார்க்க ஆளில்லை. ஜவாஹிறா குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"வாறன் பிள்ளை," என்றார். புத்தகத்தை மூடிவிட்டுச் செருப்பைப் போட்டார்.

அறை இருட்டாக, சூடாக இருந்தது. ஏழு வயதுச் சிறுமி பாயில் கிடந்து நெளிந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் முத்து முத்தாக எழுந்திருந்தது. சுந்தரத்தார் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுந்தரம் மாமா, உங்களுக்கும் இப்பிடிக் கடிச்சதா?"

அவர் கதவைப் பார்த்தார். முன்னறையில் ஜவாஹிறா குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது கேட்டது.

"இல்லை மகள். எனக்கு வரேல்லை."

"உங்களுக்கு வந்த எண்டு உம்மா சொன்னாவே."

"உம்மாவுக்கு நான் பொய் சொன்னனான்."

"ஏன்?"

"சோதனைக்குப் படிக்க."

ஷபீகா பாயில் புரண்டு அவர் பக்கம் திரும்பினாள். "பாஸா?"

"பாஸ்."

"அப்ப இனி உங்களுக்கும் வரும்."

"வரலாம்."

"எனக்குச் சொறிய வருது மாமா. சொறிஞ்சா உம்மா ஏசுவா. கையப் பிடிச்சிக்கோங்க."

இரண்டு கைகளையும் நீட்டினாள். சுந்தரத்தார் பிடித்துக்கொண்டார். சுட்டது. பின்னேரம் பைறோஸா வந்து கதவைத் தட்டும்வரை அவர் அந்தக் கைகளை விடவில்லை.